சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டடக்கலை: எந்தப் படப் புத்தகம்?

நாலைந்து வயசுப் பிள்ளைக்குக் கட்டடம் பற்றிய படப் புத்தகம் எது நல்லது என்று கேட்டால், பலரும் சொல்வது ஆண்ட்ரியா பீட்டி எழுதி டேவிட் ராபர்ட்ஸ் படம் வரைந்த 'இகி பெக், ஆர்க்கிடெக்ட்' (2007). பாட்டாக ஓடும் வரிகள், கையில் கிடைத்ததை வைத்தெல்லாம் கோபுரம் எழுப்பும் பையன், கட்டடப் பேச்சே ஆகாத டீச்சர் என்று சத்தமாக வாசிக்க அருமையாக இருக்கும். ஆனால் அது கட்டுகிறவனின் கதை. கட்டடம் எப்படி நிற்கிறது என்பது கடைசியில் பிள்ளைகள் பூட்ஸ், வேர், கயிறு என்று சேர்த்துக் கட்டும் தொங்குபாலத்தில்தான் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது.

என் ஓட்டு வர்ஜீனியா லீ பர்ட்டனின் 'த லிட்டில் ஹவுஸ்' புத்தகத்துக்குத்தான். 1942-இல் வந்தது, அடுத்த வருஷமே படப் புத்தகங்களுக்கான அமெரிக்க விருதான கால்டெகாட் பதக்கம் வாங்கியது, பழசு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பக்கம் புரட்டப் புரட்ட வீடு நின்ற இடத்திலேயே நிற்க, சுற்றிலும் ரோடு வருகிறது, அடுக்குக் குடியிருப்பு வருகிறது, தலைக்கு மேல் ரயில், அப்புறம் தரைக்கடியிலும் ரயில். பிறகு இரண்டு பக்கமும் மூன்று மாடி, நான்கு மாடி ஆழத்துக்குத் தோண்டிவிட்டுத்தான் 25 மாடியும் 35 மாடியும் எழுப்புகிறார்கள். உயரே போகிற கட்டடம் முதலில் கீழே போக வேண்டும் என்பதை இவ்வளவு எளிதாகக் காட்டிய வேறு புத்தகத்தை நான் பார்த்ததில்லை. நடுப்பகலில் மட்டுமே அந்த வீட்டுக்குச் சூரியன் தெரியும் என்ற இடம் வரும்போது, பக்கத்து மனையில் அபார்ட்மென்ட் வந்து ஜன்னல் வெளிச்சம் போன பிள்ளைக்கு நீங்கள் எதையும் விளக்கவே வேண்டாம்.

டேவிட் மெக்காலேயின் 'கதீட்ரல்' (1973) பெரிய பிள்ளைகளுக்கானது என்பார்கள். எழுத்து கனம்தான், அதை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் காட்டுங்கள், எல்லாம் பேனாவில் வரைந்த கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம். பிரான்ஸில் ஒரு கற்பனை ஊர், 1252-இல் தொடங்கிய தேவாலயம் 1338-இல் முடிகிறது. அஸ்திவாரம், சாரம், கல்லைத் தூக்க ஆள் உள்ளே நடந்து சுற்றும் பெரிய சக்கரம், வளைவுக்கு மரத்தில் சென்ட்ரிங் அடித்து மேலே கல் அடுக்கி, சாந்து இறுகியதும் மரத்தைக் கழற்றுவது என்று ஒவ்வொரு படியும் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் கான்கிரீட் போடுவதைப் பார்த்த ஆறு வயசுப் பிள்ளை இதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

கட்டடக்கலைஞர் ஸஹா ஹதீத் பற்றி ஜெனெட் வின்ட்டர் எழுதி வரைந்த புத்தகம் (2017) பார்க்க அழகு. பாக்தாத்தில் பிறந்து, 2004-இல் கட்டடக்கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசை வாங்கிய முதல் பெண்ணான அவருடைய வளைவுகளை மணல்மேடு, ஆறு, சதுப்பு நிலம் என்று இயற்கையோடு பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. அவை எப்படி நிற்கின்றன என்று சொல்வதில்லை, அதனால் இதை முதலில் வாங்க வேண்டாம். வாங்கினால் சீனாவில் அவர் வடிவமைத்த குவாங்சோ ஓபரா ஹவுஸின் புகைப்படத்தையும் போனில் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள், இது படத்தில் மட்டும் இல்லை, நிஜமாகவே நிற்கிறது என்று பிள்ளைக்குத் தெரியட்டும்.