விற்கப்போகிற வீடு: பெயின்டா, மாடுலர் கிச்சனா, மொட்டை மாடியா?

மதுரையில் இருபது, இருபத்தைந்து வருடப் பழைய தனி வீட்டை விற்கப்போகிறோம் என்றதும் அக்கம்பக்கத்தில் வரும் யோசனைகள்: பெயின்ட் அடி, அடுப்படியை மாடுலர் கிச்சனாக்கு, இல்லையென்றால் அப்படியே தள்ளிவிடு. மொட்டை மாடியைப் பார் என்று யாரும் சொல்வதில்லை. என் ஓட்டு அதற்குத்தான்.

'அப்படியே தள்ளிவிடு' என்பது மாசி வீதிகளைச் சுற்றிய நெருக்கமான பகுதிக்குப் பெரும்பாலும் பொருந்தும். அங்கே இடத்துக்குத்தான் விலை. இடித்துவிட்டுக் கடை கட்டப்போகிறவருக்கு நீங்கள் ஒட்டிய டைல்ஸ் எதற்கு? கே.கே. நகர், அண்ணா நகர், திருநகர் பக்கம் கதை வேறு. அங்கே குடியிருக்க வருகிறவர்கள் குடும்பத்தோடு வந்து, கூடவே தெரிந்த கொத்தனாரையும் கூட்டிவந்து பார்ப்பார்கள்.

பெயின்ட் செலவு குறைவு, பளிச்சென்று தெரியும். ஆனால் ஓதம் இருக்கிற சுவரில் அடித்தால் அடுத்த மழைக்குள் உரிந்துவிடும். ஈரத்தோடு கரைந்து வரும் உப்பு, தண்ணீர் ஆவியானதும் சுவரின் மேல்பரப்பில் பூத்துப் பெயின்டைத் தள்ளுகிறது. வீடு முழுக்கப் பழைய பெயின்டாக இருந்து ஒரே ஒரு சுவர் மட்டும் புதிதாக மின்னினால், வந்த கொத்தனார் முதலில் அதைத்தான் தட்டிப் பார்ப்பார்.

அந்த ஈரம் பல வீடுகளில் மேலேயிருந்துதான் இறங்குகிறது. பழைய மாடிகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி, ஓடுகளின் இணைப்புகளில் வெடிப்பு விடும். ஐப்பசி, கார்த்திகை மழை அதில் இறங்கும். இணைப்புகளைச் சுரண்டி, நீர்க்கசிவைத் தடுக்கும் கலவையால் பூசி, தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓடுமாறு வாட்டம் சரிசெய்ய வேண்டும். பிறகு குழாய் வாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். கீழே கசிவு இல்லையென்றால் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு ஒன்று கொடுக்கலாம். சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்கு வீடு பார்க்க வருகிறவருக்கு அதன் அருமை சொல்லாமலே புரியும்.

மாடுலர் கிச்சன்தான் இதில் மோசமான முதலீடு. உங்கள் ரசனை வாங்குபவருக்குப் பிடிக்குமா என்பது ஒரு பக்கம். அடுப்படி அக்னி மூலையில் இல்லையென்றால் அவர் அதைப் பெயர்த்தே விடலாம். வங்கிக் கடனுக்கு மதிப்பிட வரும் பொறியாளர் இடம், கட்டட அளவு, வயது என்றுதான் கணக்குப் போடுவார். அலமாரியின் பளபளப்புக்காகக் கடன் கூடிவிடாது. அந்தப் பணத்தில் சிறு பங்கை எடுத்து, உப்புத் தண்ணீரில் வெளுத்துப்போன பாத்ரூம் குழாய்களை மாற்றலாம்.

வாங்குபவரின் கையையும் பார்க்க வேண்டும். பத்திரத்தில் 60 லட்சம் காட்டினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 5.4 லட்சம் தனியாக வைக்க வேண்டும். அந்தச் சுமையில் இருப்பவர் கண்ணில் படும் ஒவ்வொரு கறையையும் காட்டி விலையைக் குறைப்பார். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் கறைகூடத் தேவையில்லை, அதைச் சொல்லியே குறைப்பார். இதைச் சரிசெய்ய ஆகும் செலவு பெயின்ட் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

ஆகவே நான் செய்வதாக இருந்தால் சித்திரையில் மாடி வேலை, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு ஆனியில் பெயின்ட். ஆடியில் எப்படியும் பத்திரம் பதியப் பலர் யோசிப்பார்கள். பட்டா, வில்லங்கச் சான்று வேலைகளை அப்போது முடித்துவிட்டு, ஆவணி பிறந்ததும் போர்டு மாட்டலாம்.