சென்னையில் 'உங்க கருத்தைச் சொல்லுங்க': கேட்கும் விதம் சரியில்லை

வெளிநாட்டிலிருந்து வந்து லோக்கல் சிம் போட்ட நாளிலிருந்து சென்னையில் எல்லாரும் கருத்துக் கேட்கிறார்கள். கால் டாக்ஸி, ஸ்கேன் சென்டர், சர்வீஸ் அபார்ட்மென்ட், தி.நகர் துணிக்கடை பில்லின் அடியில் ஒரு கியூஆர் கோடு. சேவைகள் பரவாயில்லை, படிவங்கள்தான் சகிக்கவில்லை. பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன: கேள்வி கேட்கும் முன் ஆளை விசாரிக்கின்றன.

முதல் திரையிலேயே பெயர், மொபைல், பின்கோடு, பிறந்த தேதி, எல்லாம் கட்டாயம். மொபைல் கட்டம் 10 இலக்கம்தான் ஏற்கும். சிங்கப்பூர் எண்ணோ 8 இலக்கம். பின்கோட்டுக்கு 6 இலக்கம்; லண்டன், டொராண்டோ அஞ்சல் குறியீட்டில் எழுத்தும் கலந்து வரும். 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் இனிஷியலைப் போட்டால் ஓரெழுத்து போதாது என்று அதட்டுகிறது. மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் இனிஷியல்தானே இருக்கிறது? பில் எண்ணை லிங்க்கிலேயே கோத்து அனுப்பினால் இவற்றில் ஒன்றையும் கேட்க வேண்டாம். திரும்பக் கூப்பிட எண் வேண்டுமென்றால் கடைசித் திரையில், விருப்பம் இருந்தால் மட்டும், நாட்டுக் குறியீட்டோடு கேட்கலாம்.

அடுத்தது, கம்ப்யூட்டர் திரைக்குப் போட்ட கட்ட அட்டவணை. 360 பிக்சல் அகல போனில் 'மிகவும் திருப்தி' முதல் ஐந்து விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தமிழ்ச் சொற்கள் நடுவில் உடைந்து தொங்கும். ஒரு திரைக்கு ஒரு கேள்வி, விடைகள் மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றும் 44 பிக்சலாவது உயரம் என்று வையுங்கள். எழுதும் கட்டத்தில் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் தானாகத் திரையைப் பெரிதாக்கிவிடும்.

'டாக்டரும் ஊழியர்களும் கனிவாக நடந்தார்களா?' டாக்டர் கனிவு, கவுன்ட்டர்காரர் சிடுசிடு என்றால் எதை அழுத்துவது? இரண்டாகப் பிரியுங்கள். ரத்தம் மட்டும் கொடுத்துவிட்டுப் போனவரிடம் வார்டு சாப்பாட்டைப் பற்றிக் கேட்டு, 'பொருந்தாது' என்ற விடையும் வைக்காவிட்டால், அவர் நடு விடையையே வரிசையாக அழுத்திவிட்டுப் போவார். 'எதற்காக வந்தீர்கள்?' என்பதை முதலில் கேட்டு, தேவையில்லாததைத் தாண்டவிடுங்கள்.

'நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10' என்ற கேள்வி 2003-இல் அமெரிக்காவில் வந்தது. 9, 10 கொடுத்தவர் ஆதரவாளர். 6-உம் அதற்குக் கீழும் அதிருப்தியாளர். நம்மூரிலோ அறுபது மார்க் ஃபர்ஸ்ட் கிளாஸ்! பாராட்டாக 6 போட்டவர் கணக்கில் எதிரியாகிவிடுகிறார். சின்னக் கடைக்கு இந்தக் கேள்வி எதற்கு? 'மறுபடி வருவீர்களா?' என்று கேட்டு, கீழே ஒரு காலிக் கட்டம் வைத்தால் போதும்.

லிங்க் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் 160-க்குப் பதில் 70 எழுத்துதான் ஒரு செய்தி; தாண்டினால் செலவு இரட்டிப்பு. தமிழில் உயிர்மெய் பெரும்பாலும் இரண்டு எழுத்தாக எண்ணப்படும். 'ஸ்கேன் எப்படி? 3 கேள்வி' என்று எழுதி, குட்டி லிங்க் வைத்தால் அடங்கிவிடும். ஓடிபி வேண்டவே வேண்டாம். ஊருக்குத் திரும்பியவரின் லோக்கல் சிம் அப்போது அணைந்து கிடக்கும்.

டேப்லெட்டை நீட்டி 'அஞ்சு ஸ்டார் போடுங்க சார்' என்று ஊழியரே பக்கத்தில் நிற்கும் இடத்தில் எந்த வடிவமைப்பும் எடுபடாது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் விரல் போகும். ஆள் வாசலைத் தாண்டிய பிறகு, அன்றைக்கே லிங்க்கை அனுப்புங்கள்.