வெள்ளவத்தைத் தரகரும் எங்கள் வீடும்

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த அம்மாவின் தொடர்மாடி வீட்டை விற்க உள்ளூர்த் தரகர் ஒருவரைப் பிடித்தோம். முதல் வாரமே ஆட்களைக் கூட்டி வந்தார். பாதிப்பேர் சும்மா வந்தவர்கள், பல்கனியில் நின்று கடல் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். லண்டனில் இருந்து ஒருவர் வீடியோ அழைப்பிலேயே அடிமாட்டு விலை கேட்டார். "விடுங்கோ அக்கா, பொறுப்பம்" என்றார் தரகர். அந்த நிதானம் எனக்குப் பிடித்தது.

விலை பொருந்திய பிறகுதான் இழுபறி. வாங்குபவர் வங்கிக் கடனில் வந்தவர். உறுதி (வீட்டுப் பத்திரம்), கட்டடம் அனுமதித்த வரைபடப்படி இருக்கிறது என்னும் இணக்கச் சான்றிதழ், சோலைவரி (வீட்டு வரி) பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் தரகர் முன்கூட்டியே கோப்பாக்கி வைத்திருந்தும், வங்கியின் மதிப்பீட்டாளர் ஆடி அசைந்துதான் வந்தார். முத்திரை வரி வாங்குபவர் தலையில்: முதல் 1 இலட்சத்துக்கு 3%, மீதிக்கு 4%. அதைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொன்னார்கள் வாங்குபவர் தரப்பில். தரகர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அதற்கே முழு மதிப்பெண்.

ஒரு குறை: முற்பணம் வந்த அன்றே தரகுப் பணம் முழுவதையும் கேட்டார். உறுதி முடியட்டும் என்றேன். முகத்தைச் சுழித்தார், அப்புறம் சரி என்றார்.