ஸ்வாப் பிரிவா, ஸ்வாப் கோப்பா, ஸீரேமா?

எட்டு ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. அதற்குள் விண்டோஸ் 11, உபுண்டு லினக்ஸ் இரண்டையும் குடியமர்த்தியாயிற்று. ரேம் நிரம்பும்போது உபரித் தரவை இறக்கிவைக்கும் இடமான மெய்நிகர் நினைவகத்தை எங்கே வைப்பது?

இரண்டும் ஒரே நேரத்தில் ஓடப்போவதில்லை என்பதால், பொதுவாக ஓர் இடம் ஒதுக்கினால் போதாதா என்று தோன்றும். வட்டுகள் சிறியனவாக இருந்த நாளில், லினக்ஸின் ஸ்வாப் பிரிவை (இதற்கென்றே வட்டில் தனியே வெட்டிவைக்கும் பகுதி) விண்டோஸும் பயன்படுத்திக்கொள்ளத் தனி ட்ரைவரே இருந்தது. இன்று அந்தச் சிக்கனம் தேவையில்லை.

விண்டோஸ் பக்கம் பேச அதிகமில்லை. அதன் மெய்நிகர் நினைவகக் கோப்பான பேஜ்ஃபைலின் அளவை விண்டோஸிடமே விட்டுவிடுங்கள். அதை அடியோடு நீக்கச் சொல்லும் யோசனையைக் கேட்டால், ரேமில் இடம் மிச்சமிருக்கும்போதே நினைவகம் போதவில்லை என்று நிரல்கள் முரண்டு பிடிக்கும். அணைக்க வேண்டியது, விண்டோஸை விரைவாகத் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை. அது இயங்கும்வரை 'ஷட் டவுன்' கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை. இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னலின் நிலை வட்டிலுள்ள ஹைபர்ஃபில் கோப்பில் உறங்குகிறது. உபுண்டுவில் நுழைந்து சி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டுமே முடியும், அல்லது திறக்கவே திறக்காது. ஹைபர்னேஷனையே (ரேமில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டுக் கணினியை உறங்கவைக்கும் வசதி) நிறுத்திவிட்டால் அந்தக் கோப்பும் போய்விடும். வழக்கமாக அது ரேமில் 40 விழுக்காடு. இங்கே ஏறக்குறைய மூன்று ஜிபி மிச்சம்.

போட்டி லினக்ஸ் பக்கம்தான். ஸ்வாப் பிரிவு பழைய வழி. அளவை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்துப் பிரிவுகளையும் நகர்த்த வேண்டும். மூன்றாவதாக இன்னொரு லினக்ஸை நிறுவினால் அதன் நிறுவி அந்தப் பிரிவை மறுபடி ஃபார்மட் செய்துவிடக்கூடும். அடையாள எண் மாறிப்போகும். பழைய லினக்ஸோ பூட் ஆகும்போது காணாமற்போன பிரிவுக்காக 90 விநாடி காத்துக்கிடக்கும்.

ஸ்வாப் கோப்பு, உபுண்டு 17.04 முதல் இயல்புநிலை. பெரிதாக்க வேண்டுமா? அணைத்து, அழித்து, புதிதாக உருவாக்கினால் முடிந்தது. வேகம் குறையுமோ என்ற கவலை வேண்டாம்: கோப்பு வட்டில் எங்கெங்கே இருக்கிறது என்பதை கெர்னல் முதலிலேயே குறித்துக்கொண்டு நேராக அங்கே எழுதுகிறது.

பிரிவுக்கு மிஞ்சும் ஒரே பெருமை, லினக்ஸை எளிதாக ஹைபர்னேட் செய்யலாம் என்பது. கோப்பிலும் செய்யலாம், ஆனால் அதன் தொடக்க இடத்தை கெர்னலுக்குச் சொல்ல வேண்டும், கோப்பை மாற்றினால் அதையும் திருத்த வேண்டும். ஆனால் இரட்டை பூட் கணினியில் ஹைபர்னேட் செய்வதே வம்பு. உபுண்டுவை உறங்கவைத்துவிட்டு விண்டோஸில் நுழைந்து, இரண்டும் பயன்படுத்தும் பொதுப் பிரிவில் எதையாவது எழுதினால், திரும்பி விழிக்கும் உபுண்டு பழைய நினைவோடு அதே பிரிவில் கைவைக்கும். கோப்புகள் சிதைய வேறு காரணம் வேண்டாம்.

ஸீரேம் (zram) வட்டைத் தொடுவதே இல்லை. ரேமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைக்கிறது. ஃபெடோரா என்னும் இன்னொரு லினக்ஸ் 2020-இல் 33-ஆம் பதிப்பிலேயே இதை இயல்பாக்கிவிட்டது. ஹைபர்னேட்டுக்கு உதவாது என்பது குறைதான். ஆனால் ஹைபர்னேட்டையே வேண்டாமென்று ஏற்கெனவே ஒதுக்கிவிட்டோம்.

ஆகவே என் தேர்வு: ஸீரேம் முன்னால், நான்கு ஜிபி ஸ்வாப் கோப்பு பின்னால். ஸீரேமின் முன்னுரிமை எண் கோப்பினுடையதைவிட உயர்ந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தலைகீழாக இருந்தால், கெர்னல் முதலில் வட்டைத்தான் நிரப்பும்.