தளக்கோலப் பெறுமானங்கள்: மூலக்குறிமுறையை வாசிக்கும் கருவியா, தனிக்கோப்பை நம்பும் கருவியா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தவர் பதிவுக்காக, ஜாவா மொழியில் திரைப் படிவங்களை அமைக்க உதவும் ஸ்விங்கில் எழுதிய படிவத்தில், ஒரு நிரை மட்டும் ஓயாமல் தொல்லை தந்துகொண்டிருந்தது. ஆங்கிலத்தில் மூன்றெழுத்தில் முடிந்துவிடும் சிட்டை, தமிழில் ‘தேசிய அடையாள அட்டை இலக்கம்’ என்று நீண்டு, பக்கத்திலிருக்கும் எழுத்துப்பெட்டியை ஒடுக்கிவிடும். இலங்கையில் 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளின் இலக்கம் 12 தானங்கள் கொண்டது என்பதால், பெட்டி ஒடுங்கினால் கடைசித் தானங்கள் கண்ணுக்குத் தெரியாமற் போகும். அந்த நிரையின் தளக்கோலப் பெறுமானங்களை, அதாவது பெட்டி, பொத்தான் போன்ற கூறுகளின் இடத்தையும் அகலத்தையும் இடைவெளியையும் தீர்மானிக்கும் எண்களை, எங்கே திருத்துவது என்ற கேள்விக்கு, நாங்கள் பயன்படுத்திய இரண்டு கருவிகளும் அடிப்படையிலேயே வேறுபட்ட விடைகளைத் தருகின்றன.

ஜாவா நிரல் எழுதும் மென்பொருளான நெற்பீன்ஸின் படிவ வடிவமைப்பான், ஜாவாக் கோப்பிலுள்ள மூலக்குறிமுறையிலிருந்து தளக்கோலத்தை வாசிப்பதில்லை. அது ‘.ஃபோர்ம்’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் எல்லாக் கட்டுப்பாடுகளையும் வைத்துக்கொண்டு, அதிலிருந்து ‘இனிற்கொம்பொனன்ற்ஸ்’ என்ற செயன்முறையை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுகிறது. அந்தப் பகுதி சாம்பல் நிறத்தில் பூட்டப்பட்டிருக்கும். ஆனால் அந்தப் பூட்டு நெற்பீன்ஸுக்குள் மட்டுமே செல்லும், ஏனெனில் கோப்பில் அது வெறும் கருத்துரை வரிகளாகவே இருக்கிறது. எங்களில் ஒருவர் சங்கத்தின் அலுவலகத்தில் வைத்து, சாதாரண எழுத்துத் தொகுப்பானில் இடைவெளிப் பெறுமானங்களைத் திருத்தி வந்தார். மறுநாள் நான் வடிவமைப்பானில் ஒரு பொத்தானை நகர்த்திச் சேமித்தவுடன் அவர் செய்த திருத்தம் முழுவதும் அழிந்துபோனது. அவர் திருத்தியது பெறுமானத்தின் பிரதியை. மூலம் வேறொரு கோப்பில் இருந்தது.

அதே வகையான இன்னொரு மென்பொருளான எக்லிப்ஸில் இயங்கும் படிவ வடிவமைப்பானாகிய வின்டோபில்டர் இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. அது தனிக்கோப்பு எதையும் வைத்திருப்பதில்லை. ஜாவாக் கோப்பைப் பகுத்து, கட்டளைகள் நிறைவேறும் ஒழுங்கைப் பின்பற்றி, பெறுமானங்களை அங்கேயே கண்டெடுக்கிறது. இது சொல்வதற்கு எளிது. செய்வது எவ்வளவு கடினம் என்பதை, கிடையான நிரைகளும் நிலைக்குத்தான நிரல்களும் கொண்ட கட்டத்தில் கூறுகளை வைக்கும் கிரிட்பேக் தளக்கோலத்தைப் பார்த்தால் விளங்கும். அதன் கட்டுப்பாட்டுப் பொருளில் 11 புலங்கள் உள்ளன. கையால் எழுதுவோர் பெரும்பாலும் ஒரே பொருளையே வைத்துக்கொண்டு, ஒரு கூறைச் சேர்த்தபின் சில புலங்களை மாற்றி, அடுத்த கூறுக்கும் அதையே கொடுப்பார்கள். சேர்க்கும் கணத்தில் தளக்கோல முகாமையாளர் அதைப் பிரதி எடுத்துக்கொள்வதால் இது தவறின்றி இயங்கும். ஆனால் ஏழாவது கூறின் ‘கிரிட்விட்த்’, அதாவது அது பிடிக்கும் நிரல்களின் எண்ணிக்கை, எவ்வளவு என்று அறிய, முந்திய ஆறுக்கும் நடந்த ஒதுக்கீடுகளை எல்லாம் வரிசையாகத் தொடர வேண்டும். நாலாவதில் 2 ஆக்கியதை மீண்டும் 1 ஆக்க ஒருவர் மறந்திருந்தால், ஏழாவதும் 2 ஆகவே இருக்கும். வின்டோபில்டர் தானாக எழுதும்போது கூறு ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருளை உருவாக்குவது இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது. கோப்பு நீண்டாலும், எந்தப் பெறுமானம் எந்தக் கூறுக்குரியது என்பதில் ஐயம் எழுவதில்லை.

வின்டோபில்டர் எழுதும் மூலக்குறிமுறையை வாசிக்கும் புதியவர்கள் இன்னோரிடத்தில் தடுமாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கூறின் பொருளில் ‘வெயிற்எக்ஸ்’, அதாவது எஞ்சிய அகலத்தில் எவ்வளவு பங்கு என்று சொல்லும் நிறை, எழுதப்பட்டிராது; ஆனாலும் நிரல் விரியும். காரணம், ‘கொலம்வெயிற்ஸ்’ என்ற அணி தளக்கோலத்திலேயே தனியாக இருப்பதுதான். அதிலுள்ள நிறை பெரிதாக இருந்தால் அதுவே செல்லும். அந்த அணியின் இறுதியில் நிற்கும் ‘டபிள்.மின்_வல்யூ’ என்ற மிகச்சிறிய எண், வெற்று நிரலொன்றின் நிறை. வேறெந்த நிரலுக்கும் நிறை இல்லாதபோது எஞ்சிய இடம் முழுவதையும் அது எடுத்துக்கொண்டு படிவத்தை இடப்பக்கம் ஒதுக்கிவைக்கும். ஒரு நிரலுக்கு 1.0 கொடுத்தவுடன் அதன் பங்கு இல்லையென்றாகிவிடும். பயனற்றது என்று எண்ணி அதை நீக்கியவர்களின் படிவம் திரையின் நடுவே குவிந்துவிடும்.

வின்டோபில்டருக்கும் எல்லை உண்டு. சுழலுக்குள் உருவாக்கப்படும் கூறுகளையும், ஓடும்போது தரவுத்தளத்திலிருந்து வரும் பெறுமானங்களையும் அதனால் காட்ட முடியாது. நெற்பீன்ஸின் பக்கமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அது பயன்படுத்தும் குரூப்லேயவுற் என்ற தளக்கோலத்துக்காக எழுதப்படும் குறிமுறை மனிதர் வாசிப்பதற்கு உரியதன்று, அதைக் கோப்பில் மறைத்து இழுத்து வைக்கும் வசதியாக மாற்றியதில் அக்கருவி உண்மையிலேயே சிறந்தது. படிவத்தை ஒருவரே, ஒரே கருவியில், இறுதிவரை பேணுவதானால் அதையே பரிந்துரைப்பேன். ஜாவாவுக்கான மற்றொரு மென்பொருளான இன்ரெலிஜேயும் தனிக்கோப்பு முறையையே பின்பற்றுகிறது. இயல்புநிலையில் தளக்கோலத்தை நேரே தொகுக்கப்பட்ட வகுப்பினுள் சேர்த்துவிடுவதால், ஜாவாக் கோப்பில் வாசிக்க எதுவுமே இருப்பதில்லை.

பல கைகள் படும் வேலைக்கு நான் வின்டோபில்டரையே தேர்வேன். அடையாள அட்டை நிரையில் எழுத்துப்பெட்டி ஒடுங்கியதற்குக் காரணம் எங்கள் நால்வருக்கும் மூலக்குறிமுறையிலேயே தெரிந்தது: நிறையும், நிரலின் அகலம் முழுவதற்கும் விரியச் செய்யும் நிரப்பலும் கொடுக்கப்படாத பெட்டி, விருப்ப அகலத்துக்கு இடம் போதாதபோது, தன் மிகக்குறைந்த அகலத்துக்குச் சுருங்கிவிடுகிறது. நிரலுக்கு 1.0 நிறையும், பெட்டிக்குக் கிடை நிரப்பலும் கொடுத்தோம். பதிப்புக் கட்டுப்பாட்டில் அந்த மாற்றம் இரண்டே வரிகளாகப் பதிவாகியிருக்கிறது. சாவகச்சேரியிலிருந்து வேலை செய்யும் எங்கள் நண்பர் வடிவமைப்பானைத் திறக்காமலே அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டார்.