குவாலா சிலாங்கூர் மின்மினிப் படகு: போங்க, ஆனால் துடுப்புப் படகில் போங்க

நான் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாக்காரன் (எங்கள் அம்மாவுக்கு இன்னும் அது பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான்). இவ்வளவு பக்கத்தில் இருந்தும் மின்மினி பார்க்கப் போனதே இல்லை. ஈப்போவிலிருந்து வந்த தங்கச்சி குடும்பம் நச்சரித்ததில் இந்த மாதம் இரண்டு தடவை போய்விட்டேன்.

முதல் தடவை மோட்டார் படகு. பெயர் வேண்டாம். ஆளை நெருக்கி ஏற்றி, ஈரம் காயாத லைஃப் ஜாக்கெட்டைக் கையில் கொடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினார்கள். கைப்பேசி வெளிச்சம் அடித்தவர்களைத் தடுக்கவும் இல்லை. படகு கிளப்பிய அலை மோதிக் கரைமண் பொத்தென்று சரிந்ததைப் பார்த்துவிட்டு, காசு கொடுத்ததற்கே வருத்தப்பட்டேன். பத்துக்கு மூன்று.

அடுத்த வாரம் கம்போங் குவாந்தான். சம்பான் என்ற சின்னத் துடுப்புப் படகுக்கு நான்கு பேர், துடுப்புச் சத்தம் மட்டும்தான். ஆற்றோரப் பெரெம்பாங் மரம் முழுக்க மின்மினிகள், ஒரே தாளத்தில் எரிந்து எரிந்து அணைகின்றன. தங்கச்சி மகன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இறங்கும்போது படகோட்டியிடம், "அப்பா சொன்ன அளவுக்கு மின்மினி இல்லையே பாக்சிக் (மாமா)" என்று இழுத்தேன். அவர் துடுப்பு முனையால் கரைச்சேற்றை அள்ளி, துறை விளக்கில் காட்டினார். மிளகு மாதிரி ஒரு நத்தை. மின்மினிப் புழுவுக்கு அதுதான் சாப்பாடாம்.

அந்த நத்தைக்கு உப்பும் நல்ல தண்ணீரும் சரியாகக் கலந்த சேறு வேண்டும். அந்தக் கலவையைத் தீர்மானிப்பது ஆற்றின் மேற்பகுதியில் நடப்பது. கோலாலம்பூர், சிலாங்கூர்க் குழாய்களுக்குப் பெரும்பங்கு தண்ணீர் இந்தச் சிலாங்கூர் ஆற்றிலிருந்துதான் போகிறது, குவாலா குபு பாரு பக்கம் அணையும் இருக்கிறது. வறட்சியில் ஆறு மெலிந்தால் கடல் உப்பு மேலே ஏறிவரும். 2014 வறட்சியில் தண்ணீர்ப் பங்கீடு வந்ததே, வீட்டு வாளியைத்தான் எண்ணினோம், ஆற்றை யார் நினைத்தோம்? பெருமழை வந்தால் கதை தலைகீழ், வெட்டவெளியான நிலத்து மண்ணெல்லாம் கரைந்து ஆற்றுக்கு வருகிறது. செம்பனையை (எண்ணெய்ப் பனை) கரை விளிம்புவரை நட்ட இடங்களில் பெரெம்பாங்கும் போச்சு, புழு வளரும் கரையும் போச்சு. செம்பனைச் சம்பளத்தில் வளர்ந்தவன் நான், இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இது புதுக்கதையும் இல்லை. பழைய குவாலா குபுவில் 1883-இல் அணை உடைந்து ஊரே வெள்ளத்தில் போனது. அப்புறம் ஈயச் சுரங்க மணல் ஆற்றை மேடாக்கி வெள்ளம் ஓயாமல் வந்ததால், ஊரையே இடம் மாற்றினார்கள். பெயரில் 'பாரு' (மலாயில் 'புதிய') ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

சரி, துடுப்புப் படகுச் சவாரிக்கு வருகிறேன். குறை என்றால், இதையெல்லாம் நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார்கள், வரிசையும் நீளம். பத்துக்கு எட்டரை. நிலா இல்லாத இரவாகப் பாருங்கள், மழை பெய்தால் போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கொசு பிடுங்கி எடுக்கும், மருந்தைக் காரிலேயே தடவிக்கொள்ளுங்கள், படகில் அடிக்க வேண்டாம், அங்கே இருப்பதும் பூச்சிதான்.