செயற்கைக் கருவிழி பொருத்தியவர்கள் கவனத்துக்கு: “சவ்வுதான்” என்று அனுப்பிவிடுவார்கள்

என் அண்ணனுக்கு மிஞ்சியிருந்தது ஒரு கண்தான். அதிலும் பாஸ்டன் வகைச் செயற்கைக் கருவிழி (கெட்டுப்போன கருவிழிக்குப் பதிலாகப் பொருத்தும் கருவி) வழியாகத்தான் பார்வை. அந்தக் கண்ணில் ஒரு பக்கமாக நிழல் ஏறி வருகிறது என்று, கருவியைப் பொருத்திய மருத்துவமனையிலேயே போய்ச் சொன்னார். மருத்துவர் விளக்கொளியில் பார்த்தார். “கருவிக்குப் பின்னால் சவ்வு வளர்ந்திருக்கிறது, லேசரில் உடைத்துவிடலாம்” என்றார். உடைத்தார்கள், கட்டணமும் வாங்கினார்கள். நிழல் ஏறிக்கொண்டேதான் இருந்தது. மறுபடி போனபோதும் அதே சவ்வு, அதே லேசர்.

சவ்வு வளர்வது இந்தக் கருவியில் சகஜம், மறுக்கவில்லை. ஆனால் சவ்வினால் பொதுவாகப் பார்வை மொத்தமாக மங்கும். ஓரத்திலிருந்து திரைபோல் மறைத்துக்கொண்டு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது விழித்திரை விலகலை, அதாவது ஒளியை உணரும் விழித்திரை கண்ணின் உட்சுவரிலிருந்து பிரிந்துவிடுவதை. கருவியின் நடுவில் ஒளி உள்ளே போகும் ஒளிக்குழல் 3 மில்லிமீட்டர் சொச்சம் அகலம்தான். அதன் வழியே விழித்திரையின் ஓரங்களைச் சரியாகப் பார்க்க முடியாது. அதற்காகத்தான் பி-ஸ்கேன் எனப்படும் அல்ட்ராசவுண்ட் இருக்கிறது. மூடிய இமைமேல் வைத்தே எடுத்துவிடலாம். வலி கிடையாது, சில நிமிட வேலை. அதை யாரும் எடுக்கவில்லை!

வேறு மருத்துவமனையில் எடுத்தபோது விழித்திரையின் நடுப்பகுதியும் விலகியிருந்தது, அதன்மேல் தழும்புத் திசு சுருங்கத் தொடங்கியிருந்தது. அங்கே விழித்திரை மருத்துவரும் கருவிழி மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்கள். வெள்ளை விழியில் நுண்துளைகள் போட்டு, உள்ளே இருக்கும் ஜெல்லை அகற்றி, தழும்பை உரித்து, சிலிகான் எண்ணெய் நிரப்பினார்கள். இத்தகைய கண்ணில் எண்ணெயைப் பிறகு எடுக்க முடியாமலே போகலாம், விழித்திரை ஒட்டினாலும் பார்வை திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதை முன்கூட்டியே சொன்னார்கள். ஒட்டிவிட்டது. கையசைவு மட்டும் தெரிகிறது.

பழைய மருத்துவமனையின் சிகிச்சைக் குறிப்புக் கோப்பை வாங்கிப் பார்த்தோம். “மங்கல்” என்று எழுதியிருக்கிறார்கள். நிழல் என்ற சொல்லே எங்கும் இல்லை. புகார் கொடுத்தால் அந்தக் கோப்பையே நீட்டுகிறார்கள். ஆகவே நிழல், மின்னல், திடீரென மிதக்கும் புள்ளிகள் என எதைச் சொன்னாலும், அதை உங்கள் வார்த்தையிலேயே கோப்பில் எழுதச் சொல்லுங்கள். அன்றைக்கே பி-ஸ்கேன் கேளுங்கள். விழித்திரை மருத்துவர் பார்க்காமல் லேசருக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.